நான் வரைந்த நண்டு மார்க்

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு படம்தான் வரைந்து அச்சேற்றியிருக்கிறேன். அது ஒரு நண்டு. அதைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய கம்பெனியின் வக்கீல், எங்கள் ஆமையை நீங்கள் காப்பியடித்துவிட்டீர்கள் என்று நோட்டீஸ் அனுப்பினார். படம் போடுகிறவர்களுக்கு எத்தனையோ விதமாக விமர்சனம் வரும். ரிஜிஸ்தர் தபாலில், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த விமர்சனம் எனக்கு மட்டும்தான் வந்திருக்கும்.

பயந்தாங்கொள்ளிகளில் சிலர் பயம் வந்தால் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் பாக்கியசாலிகள். எனக்குப் பயம் வந்தால் சுறுசுறுப்பு வந்துவிடும். சும்மா விட்டிருந்தால் தானாகச் சரியாகியிருக்கும் காரியத்தை, ஓடி ஓடி உழைத்துக் கெடுத்துவிட்டுத்தான் மூச்சு வாங்குவேன். அப்படி நான் மிகக் கடினமாக உழைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அறுபதுகளின் கடைசி. ராயபுரத்தில், கோயில் மணி அடித்தால் வீட்டுச் சுவர் அதிர்கிற தூரத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். எனக்குத் துறைமுகத்தில் டேலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணி, அவற்றின் மேல் போட்டிருக்கும் மார்க்கைப் பார்த்துப் பதிந்துகொள்ள வேண்டும். முக்கோணத்துக்குள் ஓர் எழுத்து, வட்டத்துக்குள் ஒரு நட்சத்திரம், இப்படி இருக்கும். மழையில் அழிந்துபோன மார்க்கை நானே கறுப்பு மை தொட்டு மறுபடி எழுதிவிடுவேன். (ஒரு சதுரமும் ஒரு முக்கோணமும் ஒழுங்காகப் போட வந்ததும், என்னை ஓவியன் என்று நானே முடிவு செய்துகொண்டேன். வேறு யாரும் அந்த முடிவுக்கு வந்ததாக ஞாபகமில்லை.)

என் மனைவி ரெஜினா சோப்புக் காய்ச்சுவாள். அவள் அம்மாவிடம் கற்ற கைவேலை. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரெல்லாம் உப்பு. கடைச் சோப்பைப் போட்டால் நுரைக்காது, தயிர் திரிந்த மாதிரி மிதக்கும். ரெஜினாவின் சோப்பு சுத்தமான தேங்காய் எண்ணெயில் காய்ச்சியது. கிணற்றுத் தண்ணீர் என்ன, கடல் தண்ணீரிலேயே நுரைக்கும். அதனால் காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களும், விசைப்படகுக்காரர்களும் வீடு தேடி வந்து வாங்கிப் போனார்கள். வெறும் கட்டி, மேலே ஒரு காகிதம்கூடக் கிடையாது.

திருவொற்றியூரில் மொத்த வியாபாரம் செய்த ஓர் அண்ணாச்சி அதைக் கேள்விப்பட்டு வந்தார். சோப்பைக் கையில் வைத்து எடை பார்த்தார், முகர்ந்தார், நகத்தால் கீறினார்.

"சரக்கு நல்லாத்தான் இருக்கு, தாயி. ஆனா பேரில்லாத சரக்க நான் எப்படி அலமாரியில அடுக்குறது? ஒரு மார்க் போடு. போட்டத ரிஜிஸ்டரும் பண்ணிரு. புதுச் சட்டம் வந்து கெடக்கு. முந்தி மாதிரி இல்ல, எவன் முதல்ல பதியுதானோ அவன் கை ஓங்கிரும்."

அவர் சொன்னது நிஜம். மார்க்குகளுக்காகப் புதுச் சட்டம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அதுவரை மார்க் தகராறு என்றால் கடை வாசலில் நின்று கத்துவார்கள், முடிந்தால் சட்டையைப் பிடிப்பார்கள். இப்போது மனுப் போடலாம். சர்க்கார் அதைத் தன் பத்திரிகையில் போடும். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம். பிறகு பதிவாகும். பூக்கடைப் பக்கம் வக்கீல் போர்டுகளில் எல்லாம் "டிரேட் மார்க்" என்று புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது.

"நண்டு மார்க்னு வெச்சிக்கலாம்" என்றாள் ரெஜினா. "எல்லாருக்கும் தெரிஞ்சது. படம் யார் கைல குடுக்கிறது?"

நான் தொண்டையைச் செருமினேன். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த ஒரு மாதத்தில் என் மனைவி என்னிடம் எதிலும் அசந்துபோனதாகத் தெரியவில்லை. இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் வராது.

காசிமேட்டுக்குப் போய் உயிருள்ள நண்டாகப் பார்த்து வாங்கி வந்தேன். வாசலில் பலகை போட்டு அதை எதிரில் வைத்து வரைந்தேன். விற்கிற நண்டு கடித்துவிடக்கூடாது என்று அதன் இரண்டு கொடுக்கையும் முன்னால் சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அவிழ்க்க எனக்குத் தைரியமில்லை. கட்டியது கட்டியபடியே வரைந்தேன். கொடுக்குகள் இரண்டும் ஒன்றாக ஒட்டி, முன்னால் உருண்டையாக நீட்டிக்கொண்டிருந்தன. கால்கள் வரைகிற நேரத்தில் லேபிளில் இடம் போதவில்லை. பக்கத்துக்கு இரண்டாகக் குட்டையாகப் போட்டு முடித்தேன். முதுகில் கொஞ்சம் அழகாக இருக்கட்டும் என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டேன். (அது கலைஞனின் சுதந்திரம்.) மாடலை அன்று மத்தியானமே குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லாமல் போயிற்று.

ரெஜினா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லா கீதுங்க" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. மண்ணடியில் வரதன் என்ற வக்கீலிடம் போய் ரெஜினா பெயரில் மனுப் போட்டோம். அவரும் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மனுவில் "நண்டு" என்று எழுதுவதற்கு முன் பேனாவைக் கொஞ்சம் நிறுத்தினார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மாதங்கள் போயின. படம் சர்க்கார் பத்திரிகையில் வந்தது. அண்ணாச்சியிடமிருந்து முதல் பெரிய ஆர்டர் வந்தது. திங்கட்கிழமை காலையில் சரக்கு அவர் கடையில் இருக்க வேண்டும். சரியாகப் போனால் மில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் கடைகள் முழுக்க ரெஜினாவின் சோப்பைப் போடுவதாகச் சொல்லியிருந்தார். ரெஜினா ஒரு மாதமாகக் கை காய்த்துப்போகும்வரை கிண்டி, ஊற்றி, கம்பி வைத்து அறுத்து, ஒவ்வொன்றுக்கும் என் நண்டைச் சுற்றி ஒட்டிப் பெட்டி பெட்டியாக முன்கூடத்தில் அடுக்கியிருந்தாள். சனிக்கிழமை காலை, எண்ணூரில் அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று கிளம்பிப் போனாள். ஞாயிறு சாயந்திரம் வருவதாக ஏற்பாடு.

"பெட்டி மேல தண்ணி கிண்ணி படாம பாத்துக்குங்க" என்றாள் போகும்போது. அது ஒன்றுதான் அவள் என்னிடம் கேட்டது.

பஸ் தெருமுனை தாண்டியிருக்காது, தபால்காரர் வந்தார்.

நோட்டீஸ் முழுக்க இங்கிலீஷ். எனக்குப் பெட்டி மேல் எழுதுகிற அளவுக்கு இங்கிலீஷ் வரும். அந்த அறிவில் புரிந்தது இவ்வளவு: மவுண்ட் ரோட்டில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு சோப்புக் கம்பெனிக்கு ஆமை மார்க் சோப்பு இருக்கிறது. எங்கள் படம் அவர்கள் ஆமையின் நகல். பதிவுக்கு ஆட்சேபணை செய்கிறார்கள். உடனே நிறுத்து, லேபிள்களை ஒப்படை, இல்லாவிட்டால் மேல் நடவடிக்கை. "மேல் நடவடிக்கை" என்ற இடத்தில் என் காது அடைத்துக்கொண்டது. வக்கீல் வரதன் ஆபீசுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது, திங்கட்கிழமைதான் திறப்பாராம்.

இந்த இடத்தில் வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்க வேண்டும். நான் துறைமுகத்துக்குப் போய்க் காதரைப் பார்த்தேன். காதர் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவன், என் தோஸ்து. தனக்குத் தெரியாத விஷயத்தில்தான் அவன் மிகத் தெளிவாகப் பேசுவான்.

"இன்னா மாமு, மூஞ்சி பேயறஞ்ச மாரி கீது?"

சொன்னேன். நோட்டீசைக் காட்டினேன். அதை வாங்கித் தூக்கிப் பிடித்து, சீல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தான்.

"பேஜாரு கேசு மாமு இது. டூப்ளிகேட் மார்க் போட்டு பிளேடு வந்துச்சே, ஞாபகம் கீதா? கஸ்டம்ஸ்காரன் அப்டியே அள்ளிக்கினு பூட்டான். ஆளயும் சேத்து."

"ஆள இன்னா பண்ணான்?"

"உள்ள வெச்சான். புதுச் சட்டத்துல ரெண்டு வருசம் வரிக்கும் போடலாமாம்."

"யோவ், நா போட்டது நண்டுய்யா."

சட்டைப் பையிலிருந்து ஒரு லேபிளை எடுத்துக் கொடுத்தேன். காதர் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.

"நண்டா?"

"ஆமா."

"சரி மாமு. ஜட்ஜி கைல சொல்லிப் பாரு." லேபிளை மரியாதையாக மடித்துத் திருப்பிக் கொடுத்தான். "மனு யார் பேர்ல கீது?"

"ரெஜினா பேர்ல."

காதர் தலையை ஆட்டினான். உச்சுக் கொட்டினான். அந்தச் சத்தம்தான் என்னைக் கொன்றுவிட்டது. நான் வரைந்த படத்துக்கு அவள் ஜெயிலுக்குப் போவதா? கை காய்த்துப்போன பெண்ணை, ஞானஸ்நான வீட்டிலிருந்து மிட்டாயோடு வருகிறவளை, வாசலில் வைத்துப் போலீஸ் பிடிப்பதை என் கண் முன்னால் பார்த்தேன். (எனக்குப் படம் வராதே தவிர, மனசுக்குள் நன்றாக வரும்.)

"சரக்கு இருந்தாத்தான மாமு கேசு?" என்றான் காதர் கடைசியாக. "சரக்கே இல்லன்னா எத்த காட்டுவான்?"

ஞாயிறு காலைப் பூசையில் முழங்காலில் இருந்தபடி திட்டம் போட்டேன். ராத்திரியில் பெட்டி தூக்கினால் கள்ளக்கடத்தல்காரன் என்று பிடிப்பார்கள். அதனால் பட்டப்பகல்தான் சரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராயபுரமே கறிக்குழம்பு சாப்பிட்டுக் கவிழ்ந்து படுத்திருக்கும். தெரிந்தவர் ஒருவரிடம் மூன்று சக்கர மீன்பாடி வண்டியை இரவல் வாங்கினேன். பெட்டிகளை ஏற்றினேன், மேலே சாக்குப் போட்டு மூடினேன். உச்சி வெயிலில் மிதித்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். அலை அரிக்காமல் இருக்கக் கருங்கல் கொட்டியிருக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தி, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஒவ்வொரு பெட்டியாகக் கல் இடுக்கில் கவிழ்த்தேன்.

சோப்பு முழுகும், கரையும், கடல் கொண்டுபோய்விடும் என்று கணக்கு. என் மனைவியின் சோப்புக்கு இருந்த ஒரே பெருமை அது கடல் தண்ணீரிலும் நுரைக்கும் என்பது. அந்த நேரத்தில் அதை நான் மறந்துவிட்டேன். சோப்பு மறக்கவில்லை.

அலை ஒன்று வந்து கட்டிகளைத் தூக்கிக் கல்லில் தேய்த்தது. திரும்பிப் போயிற்று. மறுபடி வந்து தேய்த்தது. எந்த வண்ணானும் அவ்வளவு சிரத்தையாகத் துவைத்திருக்க மாட்டான். கொஞ்ச நேரத்தில் கல்லெல்லாம் வெள்ளை நுரை. நுரை பொங்கி மேலே ஏறி என் கணுக்காலுக்கு வந்தது. லேபிள்கள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதந்தன. என் நண்டுகள் கூட்டமாக நீந்திப் போயின. (நீந்துகிற விதத்தில் அவை அசல் ஆமைதான். கம்பெனி வக்கீல் பக்கம் நியாயம் இருக்கிறதோ என்று முதல்முறையாக எனக்குச் சந்தேகம் வந்தது.)

"இன்னா நைனா, கடலுக்குத் தல முழுக்கு ஊத்தறியா?"

திரும்பினேன். கன்னியம்மா. காசிமேட்டில் மீன் விற்கிறவள், எங்கள் வாடிக்கை. அவளுக்குப் பின்னால் நான்கைந்து பெண்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராயபுரம்தான் தூங்கும், காசிமேடு தூங்காது என்பதையும் நான் மறந்திருந்தேன்.

"சும்மா" என்றேன்.

"சும்மாவா? சும்மா ஒருத்தன் ஒரு வண்டி சோப்ப கடல்ல கொட்டுவானா? வெயில்ல எதுனா ஆயிட்ச்சா உனுக்கு?"

ஜெயில், நோட்டீஸ் என்று வாயெடுத்தால் ஊரெல்லாம் போய்விடும். என் மூளை அவசரமாகத் தேடி, வேதக்காரன் வீட்டில் எப்போதும் கைக்கெட்டுகிற ஒரு பொய்யை எடுத்துக் கொடுத்தது.

"நேர்ச்சைங்க. மாதாவுக்கு நேர்ந்துக்கினேன்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கன்னியம்மாவின் முகம் மாறிவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னா? என்னாத்துக்கு நேர்ந்துக்கின?"

"அது... வீட்டு விஷயம்."

"ரெஜினாவுக்கா?"

"ஆமா" என்றேன். அது பொய் இல்லை.

"ஏண்டி, புரியல உங்களுக்கு?" என்று கன்னியம்மா மற்றவர்களிடம் திரும்பினாள். "புதுசா கண்ணாலம் ஆனவங்க."

அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். வேலை முடிந்தது, ரெஜினா தப்பித்தாள் என்று நினைத்துக்கொண்டேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு மட்டும் எந்தத் திட்டமும் போட்டிருக்கவில்லை.

சாயந்திரம் தெருவில் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் கன்னியம்மா முன்னால் வர, ஒரு பெண்கள் ஊர்வலம். ஒவ்வொருத்தியின் தலையிலும் மீன் கூடை. கூடை நிறையச் சோப்பு. லேபிள் போய், ஓரம் மழுங்கி, சில கட்டிகளில் செதில்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. ஊர்வலத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, கையில் ஞானஸ்நான மிட்டாயோடு, ரெஜினா வந்துகொண்டிருந்தாள்.

"ரெஜினா" என்று கன்னியம்மா கூப்பிட்ட குரல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். "உன் வூட்டுக்காரு நேர்ச்ச குட்த்தாரு. கடலு வாணாம்னு துப்பிட்ச்சி. இந்தா, நீயே வெச்சிக்க. ஒண்ணு ரெண்டு கட்டிய நாங்க எட்த்துக்கினோம், நல்ல விசயம்னு."

"இன்னா நல்ல விசயம்?"

கன்னியம்மா ரெஜினாவின் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள். பின்னால் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எதிர்வீட்டம்மா சன்னலிலிருந்தே சிலுவை போட்டு வாழ்த்தினாள். (அப்போது அப்படி ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் மூத்த மகள் பிறந்தபோது கன்னியம்மா அந்தப் பெருமையை முழுக்கச் சோப்புக்கே கொடுத்துவிட்டாள்.)

ரெஜினா உள்ளே வந்தாள். காலியான முன்கூடத்தைப் பார்த்தாள். ஈரச் சோப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை "ஏங்க" என்று கூப்பிட்டவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக, "யோவ்" என்றாள். அது இன்றுவரைக்கும் நிலைத்துவிட்டது.

"யோவ். இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க?"

நோட்டீசை நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். காதர், பிளேடு, ரெண்டு வருஷம், உன் பேரில் மனு, உன்னைப் பிடித்துப்போவார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் சிவந்திருந்த அவள் முகம் பாதிக் கதையிலேயே மாறத் தொடங்கியிருந்தது. என் பையிலிருந்த அந்தக் கடைசி லேபிளை எடுத்து எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சொல்லு, ரெஜினா. இது நண்டுதானே?"

லேபிளை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"ரெஜினா?"

"ஆமைய்யா" என்றாள். "மொத நாளே தெரியும்."

"அப்ப நல்லா கீதுன்னு சொன்ன?"

"கண்ணாலம் ஆன புதுசு. வேர்வ ஊத்த ஊத்த வாசல்ல குந்திக்கினு வரைஞ்ச. அத்த எட்த்தாந்து ஆசையா காமிச்ச. ஆமன்னு எப்டி சொல்றது?" முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். அதில் ஞானஸ்நான வீட்டுப் பன்னீர் வாசனை அடித்தது. "நானும் தெனம் பாத்துப் பாத்து நண்டுன்னு பழகிக்கினேன்."

சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு ஈரச் சோப்புக் குவியலைப் பார்த்ததும் அது நிஜக் கண்ணீர் ஆகிவிட்டது. ஒரு மாத உழைப்பு. விடிந்தால் அண்ணாச்சி கடை. இந்த ஒன்றைத் தவிர லேபிள் இல்லை, இருந்தாலும் ஒட்ட முடியாது. பேரில்லாத சரக்கை அவர் தொடமாட்டார்.

அவள் அழுதது கொஞ்ச நேரம்தான். எழுந்து பாயை விரித்தாள். கட்டிகளைத் துடைத்து, மழுங்கின ஓரத்தைக் கம்பி வைத்துச் சீவி, என்னிடம் தள்ளினாள். எதிர்வீட்டிலிருந்து பழுப்புக் காகிதம் வாங்கி வந்தோம். நான் சுற்றிக் கொடுக்க, அவள் ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் கையெழுத்துப் போட்டாள். தான் காய்ச்சியதுதான் என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி இருக்கிறது அவளிடம்?

முதல் கட்டியை வாங்கி வைக்கும்போதுதான் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த கையெழுத்து, சாய்வாக, அடியில் ஒரு சுழி. ரெஜினா இன்னாசி.

இன்னாசி நான்தான். கல்யாணப் பதிவேட்டில்கூட அவள் வெறும் ரெஜினா என்றுதான் போட்டிருந்தாள். எப்போது என் பெயரைச் சேர்த்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது. வீட்டை விட்டே துரத்தியிருக்க வேண்டிய நாளில், நான் கடலில் கொட்டிய சோப்பின் மேலேயே, அவள் என் பெயரை எழுதி எழுதி வைத்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு காகிதம் சுற்றினேன். அன்றைக்கு நான் சுற்றின மாதிரி ஒழுங்காக அதற்கப்புறம் எதையும் செய்ததில்லை.

திங்கட்கிழமை அண்ணாச்சி கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆம எங்க தாயி?"

(அவருக்கும் தெரிந்திருக்கிறது.)

"அது போயிட்ச்சி அண்ணாச்சி. இனிமே இதான்."

"கையெழுத்தா? நல்லாருக்கே. பேங்கு செக்கு மாதிரி நம்பிக்கையா இருக்கு. இறக்கு."

அங்கிருந்து நேராக வக்கீல் வரதனிடம் போனோம். வழியில் பார்த்த கன்னியம்மா, நேர்ச்சை விஷயம் வக்கீல் வரைக்கும் ஏன் போகிறது என்று கவலைப்பட்டுக் கூடவே வந்துவிட்டாள். வக்கீல் நோட்டீசைப் படித்தார். ஜெயிலைப் பற்றி நான் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏமாத்தணும்னு தெரிஞ்சே பொய் மார்க் போடறவாளுக்குத்தான் அந்தப் பிரிவு. நீங்க ஏமாத்தல்லியே. உங்களுக்கு வரையத் தெரியல்லே. அதுக்குச் சட்டத்துல தண்டனை இல்லை."

எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

"ஆனா ஆட்சேபணை நிக்கும்" என்றார். "ரெண்டு லேபிளையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கிறது இல்லை இதுல. கடைக்கு வர்ற சாதாரண ஜனம், போன மாசம் பார்த்ததை அரைகுறையா ஞாபகம் வெச்சுண்டு வரும். அது குழம்புமாங்கிறதுதான் கேள்வி." கன்னியம்மாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கோ. கடையில இந்தச் சோப்பை என்னன்னு கேட்டு வாங்குவேள்?"

"ரெஜினா சோப்பு குடுன்னு கேப்பேன்."

"லேபிள்ள ஒரு படம் இருந்ததே, பாத்திருக்கேளா?"

கன்னியம்மா நெற்றியைச் சுருக்கி நெடுநேரம் யோசித்தாள்.

"படம் வேற இருந்துச்சா அதுல?"

என் கலை வாழ்க்கை அந்த நாற்காலியில் முடிந்தது. வக்கீல் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரெஜினா கையிலிருந்த பழுப்புக் காகிதக் கட்டியை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தார்.

"இதை யார் யோசிச்சது? மனு போடறவாளோட சொந்தக் கையெழுத்தையே மார்க்கா பதியலாம்னு சட்டத்துல தனியா இருக்கு. எவனும் இதுக்கு ஆட்சேபணை பண்ண முடியாது. படத்தை விட்டுக் கொடுத்துடுவோம். பழைய லேபிள் எல்லாத்தையும் அழிச்சுட்டோம்னு மட்டும் கம்பெனிக்கு எழுதித் தரணும். எத்தனை மிச்சம் இருக்கு?"

ரெஜினா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றாள். "மின்னாடியே அழிச்சிட்டாரு. ரொம்ப மின் யோசன அவருக்கு."

அப்படித்தான் ரெஜினா இன்னாசி சோப்பு பிறந்தது. கம்பெனி அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. மணலியிலிருந்து மீஞ்சூர் வரைக்கும் எந்தக் கடையிலும் இன்றைக்கும் கிடைக்கும். துறைமுகத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன் கிடையாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள்கூட "சோப்பு சார்" என்கிறார்கள்.

ஆனால் வீட்டில் நான் படுகிற பாடு வேறு. இந்தப் பதிவு ஏழு வருஷத்துக்குத்தான் செல்லும். ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். முதல் தடவை புதுப்பிக்கப் போனபோது ரெஜினா வக்கீலிடம் கேட்டாள்: "சார், பின்னாடி இருக்கிற பேர மட்டும் எட்த்துட்டு வெறும் ரெஜினான்னு வெச்சிக்கலாமா?" வக்கீல் பதறிப்போய், மார்க்கில் பாதியை எடுத்தால் மார்க்கே மாறிவிடும், புதிதாக மனுப் போட்டு முதலிலிருந்து வரவேண்டும் என்று விளக்கினார். "அவ்ளோ வேலையா?" என்றாள் ரெஜினா. "அப்ப இருந்துட்டுப் போவட்டும்." அன்றிலிருந்து என் பிள்ளைகளைப் பொறுத்தவரை எங்கள் கல்யாணம் ஏழு வருஷக் கெடுவில் ஓடுகிற கல்யாணம். நான் எதையாவது உடைத்தாலோ, மறந்தாலோ, உடனே மகள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

மூன்றாவது கெடு அடுத்த மாதம் முடிகிறது. நேற்று சாப்பிடும்போது பேச்சை மெதுவாக ஆரம்பித்தேன்.

"வக்கீல் ஆபீசுலேர்ந்து ஆள் வந்துச்சா?"

"வந்துச்சி."

"இன்னா சொன்ன?"

"யோசிச்சி சொல்றேன்னேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். ரெஜினா சிரிக்கவில்லை. குழம்புச் சட்டியில் கரண்டியை விட்டுத் துழாவி, ஒரு துண்டு மீனை எடுத்து என் தட்டில் வைத்தாள். குனிந்து பார்த்தேன். வஞ்சிரத்தில் நடுத்துண்டு. எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் இது தெரியும்.